ஈத்தூண்டில் பயிலத் தொடங்குவோருக்கு

மீன் பிடித்தல் மனிதன் கற்றுக்கொண்ட மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. கடலோரத்தில் வாழ்வோருக்கும் குளக்கரையில் வாழ்வோருக்கும் தூண்டில் என்பது விளக்கம் வேண்டாத பொருள். ஒரு கோல், ஒரு தங்கூசி நூல், நுனியிலே ஒரு கொழுக்கி, கொழுக்கியிலே ஒரு மண்புழு, சற்று மேலே ஓர் ஈயக்குண்டு. இவ்வளவே அதன் உறுப்புகள். ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு தூரத்தே போய் விழுகின்றது. புழுவின் மணம் மீனை அழைக்கின்றது. சிறுவர் முதல் முதியோர் வரை எவரும் ஒரு பிற்பகலில் இதனைக் கற்றுக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான முறையொன்றும் உண்டு. அதிலே ஈயக்குண்டு இல்லை, புழுவும் இல்லை. கொழுக்கியின்மேல் சிறிது இறகும், உரோமமும், பட்டிழையும் சுற்றிக் கட்டி, நீரருகே பறந்து திரியும் ஒரு பூச்சியைப் போலச் செய்துகொள்கிறார்கள். இந்தப் போலிப் பூச்சியை ஆங்கிலேயர் ஈ என்ற பெயராலேயே வழங்குவர். ஆகவே இம்முறையை ஈத்தூண்டில் எனலாம். கைவிரல் நகத்திலும் சிறிய அந்த ஈக்கு நிறை என்று சொல்லத்தக்க நிறை இல்லை. கோழியிறகு ஒன்றைக் கையிலெடுத்துத் தூர எறிய முயன்றவர் எவரும் அதன் இடர்ப்பாட்டை அறிவர். அவ்வாறாயின் இந்த ஈ நாற்பது அடிக்கு அப்பால் உள்ள மீனின் முகத்தெதிரே எங்ஙனம் போய் விழுகின்றது? விடை இதுவே: எறியப்படுவது ஈ அன்று, நூல். தடித்ததும் பாரமானதுமான நூல் காற்றிலே சுருண்டு விரிந்து செல்லும். ஈ அதன் பின்னே ஒரு பயணியைப் போலச் செல்லும். ஈத்தூண்டிற் கலையின் மற்றெல்லா விதிகளும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோம எழுத்தாளர், மக்கெடோனிய நாட்டு ஆறொன்றிலே மக்கள் மீன் பிடித்த வகையைக் குறித்து வைத்துள்ளார். அந்த ஆற்று மீன்கள் நீரின்மேல் அமரும் ஒருவகைப் பூச்சியை விரும்பி உண்டன. அப்பூச்சியை மனிதர் கையால் தொட்டாலோ அதன் நிறம் கெட்டுவிடும். கொழுக்கியிலே கோத்தற்கு உதவாது. எனவே அம்மக்கள் கொழுக்கியைச் செந்நிறக் கம்பளி நூலாற் சுற்றி, சேவலின் தாடியருகே வளரும் இறகு இரண்டை அதில் இணைத்தனர். அவர்தம் கோல் ஆறடி, நூலும் ஆறடி. பூச்சியை உற்று நோக்கியவன் ஒருவன், அதனைப் பிடிக்க இயலாமையினால் அதன் உருவத்தைச் செய்தான் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

இங்கிலாந்திலே 1496ஆம் ஆண்டில் அச்சேறிய தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகை ஈக்களை வருணிக்கின்றது. 1653இல் ஐசாக் வால்டன் வெளியிட்ட தூண்டில் நூல் உலகப் புகழ் பெற்றது. ஆயினும் ஈத்தூண்டிலைப் பற்றிய விரிவான பகுதியை 1676ஆம் ஆண்டுப் பதிப்பிலே சேர்த்தவர் அவருடைய இளைய நண்பர் சார்ள்ஸ் கொட்டன் ஆவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே இக்கலையின் தலைமைக் களமாக விளங்கியது தென் இங்கிலாந்திலுள்ள ஹம்ப்ஷயர் மாவட்டம். அங்கே டெஸ்ட், இச்சன் என்னும் இரண்டு ஆறுகள் சுண்ணப் பாறையிலிருந்து ஊற்றெடுத்துப் பாய்கின்றன. மழைநீர் சுண்ணப் பாறைக்குள் இறங்கித் தங்கி, மெல்ல மெல்ல ஊற்றாக வெளிவருவதனால், அந்நீர் ஆண்டு முழுவதும் தெளிந்தும் குளிர்ந்தும் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளை அறிந்தோருக்குச் சுண்ணப் பாறை நீரைச் சேமித்து வைக்கும் பாங்கு புதிதன்று. அத்தகைய பளிங்கு நீரிலே மீன் மனிதனைக் காண்கிறது. மனிதனும் மீனைக் காண்கிறான். அதனாலேயே அங்கே கலை நுட்பம் மிகுந்தது.

இனி, புதிதாகத் தொடங்குபவர் எவ்வெவற்றை வாங்க வேண்டும்? கடைகளிலே கண்ணைக் கவரும் பொருள்கள் பல உண்டு. வேண்டுவன சிலவே. முதலாவது கோல். முற்காலத்திலே மரத்தாலும், பின்னர் மூங்கிலை அறுகோணமாகப் பிளந்து ஒட்டியும் கோல் செய்தனர். தென் சீனத்திலே விளையும் ஒருவகை மூங்கிலே இதற்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழைக் கோல்களும், 1970களிலே கரியிழைக் கோல்களும் வந்தன. இன்று பெரும்பாலோர் கையாள்வது கரியிழைக் கோலே. அது இலேசானது, மின்சாரத்தைக் கடத்துவது. ஆதலின் மின்கம்பிகளின் கீழும், இடி முழங்கும் வேளையிலும் அதனை உயர்த்திப் பிடித்தல் உயிருக்கே ஆபத்தாகும்.

கோலைவிட முக்கியமானது நூல். பட்டு நூலைப் பின்னி எண்ணெய் ஊட்டிய காலம் ஒன்றிருந்தது. இக்காலத்து நூல் பிளாஸ்டிக் பூசப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூறு அடி நீளமுடையது. நூலின் முதல் முப்பது அடியின் நிறையைக் கொண்டு அதற்கு ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். இலக்கம் பெருகப் பாரமும் பெருகும். ஐந்தாம் இலக்க நூலின் முதல் முப்பது அடி ஏறத்தாழ 9 கிராம் நிறையுடையது. கோலின் அடியிலும் அது தாங்க வேண்டிய இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். கோலின் இலக்கமும் நூலின் இலக்கமும் ஒத்திருக்க வேண்டும். காளைக்குப் பொருந்தாத நுகம் எவ்வாறு உழவைக் கெடுக்குமோ அவ்வாறே, கோலுக்குப் பொருந்தாத நூல் வீச்சைக் கெடுக்கும். நன்னீர் மீனுக்குப் பயில்பவர் ஒன்பதடிக் கோலையும், ஐந்தாம் இலக்க மிதக்கும் நூலையும் கொண்டு தொடங்கினால் வேறு எண்ணம் வேண்டியதில்லை.

தடித்த நூலின் முனையிலே, வரவர மெலியும் ஒன்பதடித் தங்கூசி ஒன்றைப் பிணைப்பர். மீன் தடித்த நூலைக் காணாதிருத்தற்கும், வீச்சின் வேகம் படிப்படியாகத் தணிந்து ஈ மெல்ல இறங்குதற்கும் அதுவே வழி. நூலைச் சுற்றி வைத்தற்கு ஒரு றீல் வேண்டும். தொடக்கத்திலே அது விலையுயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. ஜப்பானிய மலைவாசிகளின் தென்காரா என்னும் முறையிலே றீலே கிடையாது. நீண்ட கோலின் நுனியிலே நூலை நேராகக் கட்டிவிடுவர். சிற்றோடைகளிலே பயில்வோருக்கு அம்முறையும் எளிதாகும். இவற்றோடு ஒரு தொப்பியும் ஒரு கண்ணாடியும் இன்றியமையாதன. வீச்சுத் தவறினால் கொழுக்கி வருவது தன் முகத்தை நோக்கியே. ஒளித் தெறிப்பை நீக்கும் கண்ணாடியாயின், நீருக்குள் நோக்குதற்கும் அது உதவும்.

அடுத்தது வீச்சு. இதனை ஆற்றங்கரையிலே கற்கத் தொடங்குவோர் பலர், அது தவறு. நீரைக் கண்டதும் மனம் மீனை நாடும். கை பாடத்தை மறக்கும். வீட்டு முற்றத்துப் புற்றரையே முதற் பள்ளிக்கூடம். கொழுக்கிக்குப் பதிலாக நூல்முனையிலே ஒரு துண்டுக் கம்பளியைக் கட்டிக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து அடி நூலைப் புல்லின்மேல் நேராக விரித்து, கோல்நுனியைத் தாழ்த்தி நின்று தொடங்க வேண்டும்.

பயில்பவர் தம் இடது பக்கத்தை நோக்கியபடி ஒரு பெரிய கடிகாரத்தின் முன் நிற்பதாகக் கருதுக. தலைக்கு நேர் மேலே பன்னிரண்டு மணி. முன்னே பத்து மணி. பின்னே ஒரு மணி. கோலைத் தாழ்விலிருந்து உயர்த்தி, வரவர வேகத்தைக் கூட்டி, ஒரு மணி நிலையிலே சட்டென நிறுத்த வேண்டும். நூல் தலைக்கு மேலாகப் பின்னே பறந்து செல்லும். இப்பொழுதுதான் இக்கலையின் உயிர்நிலை வருகின்றது. ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். பின்னே சென்ற நூல் முழுவதும் விரிந்து நேராகும் வரை காத்திருத்தல் வேண்டும். அதன் பின்னரே கோலை முன்னே செலுத்திப் பத்து மணி நிலையிலே நிறுத்த வேண்டும். நூல் முன்னே சுருள் விரிந்து செல்லும், ஈ இறங்கும்.

இந்த இடைநிறுத்தத்தின் காரணம் என்ன? வளைந்த கோலே நூலை எறிகின்றது. நூல் பின்னே நேராக விரிந்து தன் பாரத்தாற் கோலை இழுத்தால்தான் கோல் வளையும். நூல் சுருண்டு கிடக்கையில் கோலை முன்னே தள்ளினால், வளைதற்கு எதிர்ப்பொன்றும் இராது. அவசரப்படுபவரின் பின்னே சாட்டை சொடுக்குவது போன்ற ஓசை எழும். பல வேளைகளில் ஈ அறுந்து போகும். மிகத் தாமதிப்பவரின் நூலோ பின்னே புல்லில் விழும். நூல் நீள நீள நிறுத்தமும் நீள வேண்டும். தொடக்கத்திலே தலையைத் திருப்பி, நூல் விரிவதைக் கண்ணாலே பார்த்துக்கொள்வதில் வெட்கமில்லை. சில நாளில் கையே அதனை உணர்ந்துவிடும்.

இரண்டு பிழைகளைத் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். ஒன்று, மணிக்கட்டைத் தளரவிட்டுக் கோலை முதுகுக்குப் பின்னே சாய விடுதல். மற்றொன்று, வலிமையால் எறிய முற்படுதல். தோள்வலி மிக்க இளைஞர் தடுமாறும் இடத்திலே, மெலிந்த முதியவர் அயர்வின்றி வீசுதலைக் காணலாம். எவ்வளவு தூரம் என்பதும் முக்கியமன்று. பெரும்பாலான ஆற்று மீன்கள் முப்பது அடிக்குள்ளேயே பிடிபடுகின்றன. நாள்தோறும் கால் மணி நேரமாக இரு வாரம் பயில்பவர், ஒரே நாள் முழுவதும் பயில்பவரிலும் நன்கு தேறுவர்.

முடிச்சுகளுள் ஒன்றை மட்டும் முதலிலே கற்றுக்கொண்டாற் போதும். தங்கூசியைக் கொழுக்கியின் துளையிலே நுழைத்து, அதன் நுனியைத் தன்மேலேயே ஐந்து முறை முறுக்கி, துளையருகே உண்டாகும் சிறு வளையத்தினூடே செலுத்தி, அதனால் உண்டான பெரிய வளையத்தினூடேயும் செலுத்த வேண்டும். இறுக்குமுன் உமிழ்நீராலோ ஆற்றுநீராலோ நனைக்க வேண்டும். உலர்ந்த தங்கூசி இறுகும்போது உராய்ந்து சூடேறி வலுவிழக்கும். நனைக்க மறந்த முடிச்சைப் பெரிய மீனே கண்டுபிடிக்கும்.

வீச்சும் முடிச்சும் கைக்கு வந்தபின் ஆற்றுக்குச் செல்லலாம். சென்றவுடன் தூண்டிலை விரித்தலாகாது. அமர்ந்து பார்க்க வேண்டும். மீன் எதை உண்கின்றது என்பதே முதல் வினா. குளிர்ந்த ஆறுகளிலே வாழும் ட்ரவுட் மீனின் முக்கிய உணவு, நீரிலே பிறக்கும் பூச்சிகளாகும். அவற்றுள் ஒருநாட் பூச்சி எனத்தக்க ஓர் இனம் உண்டு. அதன் இளமை நீருக்கு அடியிலே, கற்களின் இடுக்கிலே கழிகின்றது. பலவற்றுக்கு அது ஓராண்டுக் காலம். பின்னர் ஒரு நாள் அது நீர்மட்டத்துக்கு எழுந்து, தோலைக் கழற்றி, சிறகு விரித்துப் பறக்கின்றது. பறந்தபின் வாய் திறந்து உண்பதில்லை. இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இறந்து நீரிலே வீழ்கின்றது. மழை விட்ட மாலையிலே புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதைக் கண்டோர் இக்காட்சியை எளிதிலே கற்பனை செய்துகொள்வர். ஈசலுக்குப் பறவைகள் திரள்வதைப் போல, இப்பூச்சிக்கு மீன்கள் திரள்கின்றன.

ஆகவே பூச்சி எந்தப் பருவத்திலே இருக்கின்றதோ அந்தப் பருவத்து உருவமே தூண்டிலிலும் வேண்டும். நீரின்மேல் மிதப்பது உலர் ஈ. நீருக்குள் அமிழ்ந்து செல்வது நனை ஈ அல்லது இளம்பூச்சி உருவம். இதைக் குறித்து இங்கிலாந்திலே பெரியதொரு வாதம் நிகழ்ந்தது. 1886இல் நூல் வெளியிட்ட பிரெடெரிக் ஹல்போர்ட், மிதக்கும் ஈயினால் மட்டுமே, அதுவும் மேலெழுந்து உண்ணும் மீனை மட்டுமே பிடித்தல் முறை என்னும் கொள்கைக்குத் தலைவரானார். ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞர் 1910இல் தம் நூலை வெளியிட்டு, மீன் பெரும்பாலும் நீருக்குள்ளேயே உண்கின்றது, ஆதலால் அமிழும் உருவமும் முறையானதே என்று எடுத்துக்காட்டினார். இன்று இரண்டும் நிலைபெற்றுவிட்டன. தொடங்குபவருக்கு இவ்வாதம் தரும் பாடம் ஒன்றே. நீர்மட்டத்திலே வளையங்கள் தோன்றுமாயின் மிதக்கும் ஈ. தோன்றாவிடின் அமிழும் ஈ. ஆற்றிலிருந்து கல்லொன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தால், அன்றைய உணவு எதுவென அதன் அடியிலே ஒட்டியிருப்பனவே சொல்லும். பார்த்தபின் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அது பல உயிர்களின் வீடு.

இரண்டாவது வினா, மீன் எங்கே இருக்கின்றது என்பது. ஆற்று மீன் நீரோட்டத்தை எதிர்த்தே தலை வைத்திருக்கும். எதிர்த்து நீந்துதல் உழைப்பு; ஆதலின் உழைப்புக் குறைந்ததும், உணவு அருகே மிதந்து வருவதுமான இடத்தை அது தேடும். பாறைக்குப் பின்னும் முன்னும் உள்ள அமைதி நீர், வேகநீரும் மந்தநீரும் சந்திக்கும் விளிம்பு, கரை குடைந்த நிழல், ஓடை வந்து கலக்கும் வாய். இவையே அதன் இருப்பிடங்கள். மீன் மேல்நோக்கிப் பார்க்கும்போது வெளியுலகம் அதற்கு ஒரு வட்டப் பலகணி வழியாகவே தெரியும். நீருக்குள் ஒளி வளைதலே அதற்குக் காரணம். அப்பலகணிக்கு அப்பால் நீர்மட்டம் ஒரு கண்ணாடியாகிவிடும். ஆதலின் குனிந்து, மீனின் பின்புறமாக, அதாவது ஆற்றின் கீழ்ப்புறமிருந்து அணுகுபவர் மறைந்து நிற்கலாம். நிழலை நீரிலே விழவிடாமலும், கால் அதிர வைக்காமலும் நடத்தல் வேண்டும்.

ஈ நீரிலே விழுந்தபின் நடப்பதும் கவனத்துக்குரியது. உண்மையான பூச்சி நீரோட்டத்தோடு தானாக மிதந்து செல்லும். போலி ஈயோ நூலுக்குக் கட்டுப்பட்டது. இடையிலே வேகமான நீர் நூலை இழுக்குமாயின், ஈ குறுக்கே ஓடிக் கோடிழுக்கும். எந்தப் பூச்சியும் அவ்வாறு ஓடுவதில்லை என்பது மீனுக்குத் தெரியும். இதனைத் தவிர்க்க, நூல் விழுந்தவுடன் கோல்நுனியால் அதன் நடுப்பகுதியைத் தூக்கி, ஆற்றின் மேற்புறமாக வளைத்து விடுவர். மீன் ஈயைக் கவ்வியதும் கோலை மெல்ல உயர்த்தினாற் போதும். பலத்து இழுத்தல் தங்கூசியை அறுக்கும். சிறு மீனாயின் அதன் வாயையும் கிழிக்கும்.

ஆற்றிலே இறங்கி நிற்பவர் தம் உயிரையும் எண்ண வேண்டும். வழுக்குப் பாறையிலே ஊன்றுகோல் ஒன்று மூன்றாவது காலாக உதவும். முழங்காலுக்கு மேல் விரைந்தோடும் நீரிலே புதியவர் இறங்கலாகாது. மலையாறுகளிலே, நிற்குமிடத்தில் வெயில் எறிக்கையிலேயே, மேலே பெய்த மழையினால் வெள்ளம் வந்துவிடும். நீர் திடீரெனக் கலங்குதலும், சருகுகள் மிதந்து வருதலும் அதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் கரையேறுதலே அறிவுடைமை.

இனி, இக்கலையைப் பற்றி எழும் கடினமான வினாவை ஒதுக்கிவிட முடியாது. உணவுக்கன்றிப் பொழுதுபோக்குக்காக ஓர் உயிரை வருத்துதல் தகுமா? மீன் வலியுணருமா என்பதைப் பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். ஆயினும் கொழுக்கியிலே அகப்பட்ட மீன் அயர்ந்து துன்புறுகின்றது என்பதிலே ஐயமில்லை. உலக நாடுகள் இதற்கு ஒரே விடை கூறவில்லை. 1930களின் இறுதியிலே லீ வுல்ஃப் என்னும் அமெரிக்கர், பிடித்த மீனை உயிருடன் திரும்ப விடுதலே ஆறுகளைக் காக்கும் வழி என்று வற்புறுத்தினார். இன்று அமெரிக்காவிலே பல நீர்நிலைகளில் மீனைத் திரும்ப விடுதல் கட்டாய விதியாகும். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலுமோ, திரும்ப விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன் பிடித்தலைச் சட்டம் ஏற்பதில்லை. உண்பதற்காயின் பிடிக்கலாம், விளையாட்டுக்காக வருத்தலாகாது என்பது அந்நாடுகளின் கருத்து. ஒன்று ஆற்றின் நலத்தை முன்வைக்கின்றது. மற்றது தனி உயிரின் நலத்தை முன்வைக்கின்றது. இரண்டும் சிந்தித்தற்குரியன. தூண்டிலைக் கையிலெடுப்பவர் இவ்வினாவைத் தாமும் ஒருமுறை தம் மனத்தோடு வினவிக்கொள்ளுதல் நன்று.

எந்த விடையைக் கொண்டவராயினும், சில கடமைகள் அனைவருக்கும் பொது. கொழுக்கியின் எதிர்முள்ளைக் குறட்டினால் நசுக்கிவிட்டால், அது எளிதிலே கழன்று வரும். தம் விரலிலே தைத்தாலும் அவ்வாறே. மீனைத் தொடுமுன் கையை நனைத்தல் வேண்டும். உலர்ந்த கை, நோயிலிருந்து மீனைக் காக்கும் வழுவழுப்பான மேற்பூச்சைத் துடைத்துவிடும். இயன்றவரை மீனை நீருக்குள் வைத்தே கொழுக்கியைக் கழற்ற வேண்டும். கழற்றியபின் அதனை நீரோட்டத்தை நோக்கித் தாங்கிப் பிடித்து, தானே வலிமை பெற்று நீந்திச் செல்லும் வரை காத்திருத்தல் வேண்டும். தூக்கி எறிதல் கொலைக்குச் சமம். ஆற்றுநீர் 20 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறிய நாளில், ட்ரவுட் மீனுக்கு நீரிலுள்ள பிராணவாயு போதாது. அன்று தூண்டிலை வீட்டிலே வைத்தலே முறை. உண்பதற்காக வைத்துக்கொள்ளும் மீனை உடனே தலையிலடித்துக் கொல்லுதல், கூடையிலே துடிக்கவிடுதலிலும் இரக்கமானது.

இக்கலைக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயர் குடியேறிய மலைநாடுகளுக்கெல்லாம் ட்ரவுட் மீனின் முட்டைகளைப் பாசியிலே பொதிந்து, பனிக்கட்டியின் நடுவே வைத்துக் கப்பலேற்றினர். 1864இல் அவ்வாறு தாஸ்மேனியாவுக்குச் சென்ற முட்டைகள் அங்கே பொரித்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே நுவரெலியாவின் ஓடைகளிலும் ட்ரவுட் விடப்பட்டது. கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள அம்மலைநீர் அதற்கு ஏற்ற குளிர்ச்சி உடையது. தமிழ்நாட்டிலே நீலகிரியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்குள்ள அவலாஞ்சியிலே 1907இல் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது.

விருந்தாக வந்த மீன் வீட்டாருக்குத் தீங்காவதும் உண்டு. ட்ரவுட் இனங்கள் இரண்டும், உலகின் மிகக் கேடு விளைக்கும் நூறு புகுந்த உயிரினங்களின் பட்டியலிலே இன்று இடம்பெற்றுள்ளன. அவை புகுந்த நாடுகள் பலவற்றிலே உள்நாட்டுச் சிறு மீன்களையும் தவளைகளையும் இரையாக்கியமையே காரணம். ஆதலால் எந்த நீர்நிலையிலும் புதிய மீனைக் கொண்டுவந்து விடுதல், தூண்டிற்காரர் செய்யத் தகாத செயல்களுள் முதலாவதாகும். ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றது. அத்தகைய காப்பிடங்களிலே உரியவரின் அனுமதியின்றித் தூண்டில் எடுத்தலாகாது. மலையேற இயலாத நேயர்களுக்கும் பயிற்சிக் களம் இல்லாமலில்லை. 1952இல் இலங்கைக் குளங்களிலே விடப்பட்ட திலாப்பியா இன்று தாழ்நிலமெங்கும் பெருகியுள்ளது. சிறிய அமிழும் ஈயை அதுவும் கவ்வுவதுண்டு, உணவுக்கும் உதவும்.

ஈத்தூண்டிலைத் தொடங்குபவர் மூன்று இடங்களிலே காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். பின்னே சென்ற நூல் விரியும் வரை காத்திருத்தல் ஒன்று. தூண்டிலை எறியுமுன் ஆற்றைப் பார்த்துக் காத்திருத்தல் இரண்டாவது. கையிலிருக்கும் மீன் உயிர்ப்புப் பெற்றுச் செல்லும் வரை காத்திருத்தல் மூன்றாவது. முதலாவதைக் கற்றவருக்கு வீசத் தெரியும். இரண்டாவதையும் கற்றவருக்கு மீன் கிடைக்கும். மூன்றாவதையும் கற்றவர் சென்றுவந்த ஆற்றிலே, அவருக்குப் பின் வருபவருக்கும் மீன் இருக்கும்.